சித்திரக்காரரும் கையொப்பமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் அங்கத்தவருள் ஒருவர் படம் கீறுவதையே தமது சீவனோபாயமாகக் கொள்ள விரும்புகிறார். சிறுவர்க்கென ஒரு சித்திரக் கதைப் புத்தகம் ஆக்க வேண்டும், அதற்கு வேண்டிய பணத்தை இணையத்தின் வழியாகப் பலரிடமிருந்து சிறுகச் சிறுகத் திரட்டலாமா என்று காரிய சபையிற் கேட்டார். உடனே சபை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. “நாகரிக உடுப்புப் போட்டுக்கொண்டு கையேந்துவதன்றி இது வேறென்ன?” என்றனர் மூத்தோர் சிலர். “உலகமெங்கும் நடக்கிற காரியந்தானே, நாளைக்கே தொடங்கலாம்” என்றனர் இளைஞர். இது பற்றிச் சற்று விரிவாகப் பேசும்படி தலைவர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இரு கட்சியாரோடும் எனக்கு முழு உடன்பாடில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூத்தோரின் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கிரவுட் பண்டிங் என்ற பெயர் புதியது, காரியம் பழையது. ஒரு நூல் அச்சேறுமுன்னரே அதை வாங்க உடன்படுவோரிடம் ஒப்பம் பெற்று, அந்த உறுதியைக் கொண்டு அச்சுச் செலவைத் தாங்கும் முறைக்கு நம்மவர் ‘கையொப்பம்’ என்றே பெயர் வைத்திருந்தனர். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887 ஆம் ஆண்டில் வெளியிட்டபோது இவ்வாறுதான் பலரிடமும் சென்று கையொப்பம் சேர்த்தார். அவர் பிச்சை எடுத்தார் என்று எவரும் சொன்னதில்லை.

சித்திரக்காரர்களுள் இந்த முறையை மிகப் பெரிய அளவிற் கையாண்டவர் ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் என்பவர். 1785 இல் இப்போது ஹெயிற்றி எனப்படும் தீவுப் பகுதியிற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறி, வியாபாரம் செய்து நொடித்து, 1819 இற் கடனுக்காகச் சிறையும் கண்டவர். அந்நாட்டுப் பறவைகளை எல்லாம் உயிருள்ளவை போன்று, இயற்கை அளவிலேயே தீட்டிவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு பித்து. இராசாளி என்றால் இராசாளியின் அளவு. அன்னம் என்றால் கழுத்தை வளைத்தாவது அன்னத்தின் அளவு. அமெரிக்காவில் அதை அச்சிட ஆள் கிடைக்கவில்லை. 1826 இற் படக்கட்டுகளைச் சுமந்துகொண்டு கப்பலேறி லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினார். அக்காலத்தில் அவர் மனைவி லூசி பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினாள். இந்தக் கதையைச் சொல்வோர் பலர் அந்த அம்மாவை மறந்துவிடுகிறார்கள்.

அவர் வகுத்த ஏற்பாடு யாதெனின், புத்தகம் முழுவதையும் ஒருமிக்க விற்பதில்லை. ஐந்து படங்கள் ஒரு பகுதி; ஒரு பகுதிக்கு விலை இரண்டு கினி. கையொப்பமிட்டவர் பகுதி வரும்போதெல்லாம் பணம் கட்ட வேண்டும். அப்பணத்தைக் கொண்டு அடுத்த பகுதிக்குச் செப்புத் தகடு செதுக்கப்படும். அச்சாகி வந்த ஒவ்வொரு தாளுக்கும் கையாலே வர்ணம் தீட்டப்படும். இப்படி 87 பகுதிகள், 435 படங்கள். முழுத் தொகுதிக்கு 174 கினி, அதாவது 182 பவுண் 14 சிலிங். அந்நாளில் அது சிறிய தொகையன்று. இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜோர்ஜும் கையொப்பமிட்டவருள் ஒருவர்.

மன்னரே ஒப்பமிட்டார் என்றதும் ஓடுபனுக்குக் கவலை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். எடின்பரோவிற் செதுக்கு வேலையைத் தொடங்கிய லிசார்ஸ் என்பவரின் பட்டறையில் வர்ணம் தீட்டுவோர் வேலைநிறுத்தம் செய்தனர். ஓடுபன் இலண்டனிலுள்ள ஹவெல் என்பவரிடம் வேலையை மாற்றினார். கையிற் பணம் வற்றியபோது தம் படங்களையே நெய்வர்ணத்தில் விரைவாகப் பிரதி தீட்டிக் கடை கடையாகக் கொண்டுசென்று விற்று ஹவெலின் கூலியைக் கொடுத்தார். கையொப்பமிட்டவர்களோ சிலர் இறந்தனர், சிலர் நொடித்தனர், சிலர் அலுத்து நடுவழியில் விலகினர். விலகியவருக்குப் பதிலாளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவாறே, 1827 இல் தொடங்கிய வேலையை 1838 இல் முடித்தார். பதினொரு ஆண்டுகள். அவ்வளவு பாடுபட்டும் முழுமையாகச் சேர்ந்த தொகுதிகள் இருநூறுக்கு உட்பட்டவையே. அவருக்கு நல்ல வருவாய் தந்தது, 1840 முதல் 1844 வரை அமெரிக்காவிற் சிறிய அளவில் வெளியிட்ட மலிவுப் பதிப்பு. அதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பெருஞ் செல்வர் இருநூறு பேரிலும் நடுத்தரத்தார் ஆயிரம் பேர் மேல் என்பதை அவரும் பிந்தித்தான் கண்டார் போலும்!

இனி இளைஞரின் கட்சிக்கு வருகிறேன். இன்று இக்காரியத்துக்கென இணையத்தில் தளங்கள் இருக்கின்றன. கிக்ஸ்டார்ட்டர் என்பது 2009 இல் அமெரிக்காவில் தொடங்கியது. சித்திரக்காரர் தமக்கு வேண்டிய தொகையையும் ஒரு கெடுநாளையும் அறிவிப்பார். கெடுவுக்குள் அத்தொகை சேர்ந்தாற் பணம் கைக்கு வரும். ஒரு டொலர் குறைந்தாலும் ஒருவரிடமிருந்தும் பணம் எடுக்கப்பட மாட்டாது. பேட்ரியன் என்பது 2013 இல் வந்தது. அது மாதச் சந்தா போன்றது. மாதந்தோறும் ஏதேனும் கீறிக் கொடுக்க வேண்டும், மாதந்தோறும் சிலர் விலகவும் கூடும். ஓடுபனின் இரண்டு கினியை இது எனக்கு நினைவூட்டுகிறது.

றிச் பேர்லூ என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 2003 முதல் இணையத்தில் ஒரு படக்கதையை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டு வந்தார். குச்சியைப் போன்ற கைகால்களோடு கீறிய எளிய உருவங்கள். அச்சிலே தீர்ந்துபோன தம் புத்தகங்களை மீண்டும் பதிப்பிக்க 2012 இல் 57,750 டொலர் கேட்டார். முப்பது நாளில் ஏறத்தாழ 15,000 பேர் சேர்ந்து 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு மேற் கொடுத்தனர்! இளைஞர்கள் எடுத்துக்காட்டுவது இவ்வளவைத்தான். பின் நடந்ததையும் அறிய வேண்டும். பணம் பெருகப் பெருக அவர் புதிய புதிய பரிசுகளையும், புதிய கதைகளையும் தருவதாக வாக்களித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் உடைந்த கண்ணாடி பட்டு அவர் கையில் ஆழமான காயம். கீறும் வேலை மாதக்கணக்கில் நின்றது. வாக்களித்தவற்றுட் சில கொடுத்து முடிய ஆண்டுகள் பல சென்றன. பதினையாயிரம் பேர் கொடுத்த பணமெல்லாம் ஒருவருடைய கைவிரல்களை நம்பியிருந்தது.

இதனாலேதான் இதைப் பிச்சை என்பாருக்கும், இலாபம் என்பாருக்கும் ‘இது கடன்’ என்று சொல்கிறேன். பணமாகத் திருப்பிக் கொடுக்காமல் உழைப்பாகத் திருப்பிக் கொடுக்கும் கடன். வாக்கை நிறைவேற்றும் பொறுப்பைத் தளத்தார் ஏற்பதில்லை. அது சித்திரக்காரர் தலையில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு மாத்திரமே. அச்சுக்கூடத்திற் கேட்டு அவரவர் மாற்றிக்கொள்ளலாம். புத்தகம் ஒன்று 2,000 ரூபாவாக 300 பேர் முற்பணம் கட்டினால் 6 இலட்சம். கேட்கும்போது வாய் பிளக்கும். அச்சும் கட்டுவேலையும் 3 இலட்சம். உறை, தபால் 90,000. தளத்துக்கும் பணம் கைமாற்றுவதற்குமாக நூற்றுக்கு எட்டு வீதம் 48,000. பழுதான பிரதிகளுக்கும் தபாலிற் தொலைந்தவற்றுக்கும் 20,000. மீதி 1,42,000. எட்டு மாதம் இருந்து கீறினாரென்றால் மாதம் 17,750 ரூபா. இந்தக் கடைசி வரியைப் போடாமலே அநேகர் தொடங்குகிறார்கள். அச்சுக்காரரின் கூலியையும் தபாற் செலவையும் எழுதுகிறவர், தம் கூலியை எழுத வெட்கப்படுகிறார். கலைஞனுக்குப் புகழே போதும் என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்த்த வெட்கம் அது. திருவிழாவுக்கும் கலைவிழாவுக்கும் சும்மா ஒரு படம் கீறித் தாரும் தம்பி என்று கேட்ட நாமெல்லோரும் அதற்குப் பங்காளிகள்.

நம் அங்கத்தவருக்கு இன்னொரு தடையும் உண்டு. கிக்ஸ்டார்ட்டரிற் பணம் திரட்டத் தொடங்குவோர் இன்ன இன்ன நாடுகளில் வதிபவராயிருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இலங்கை அதில் இல்லை. புறநாட்டிலுள்ள உறவினர் பெயரிற் தொடங்கலாம் என்பர். அப்போது கணக்கும் வரியும் அந்த உறவினர் தலையில் விழும். குடும்பப் பகைக்கும் இடமுண்டு. நான் அதை விரும்பவில்லை.

ஆதலால் காரிய சபைக்கு என் யோசனை இது: தம்பி முதலில் ஒரு கையொப்ப ஏட்டை எடுத்துக்கொண்டு நம்மவரிடமே வரட்டும். ஏட்டின் முதற் பக்கத்தில் புத்தகம் எத்தனை பக்கம், எத்தனை வர்ணம், எந்த மாதத்திற் கைக்கு வரும், வராவிட்டாற் பணம் எப்போது திரும்பும் என்பவற்றை எழுதட்டும். முடிந்த படங்கள் நான்கைந்தையாவது காட்டட்டும். வருகிற முற்பணம் அவர் கையில் நில்லாமல், பெரியவர் ஒருவரும் அவரும் சேர்ந்து ஒப்பமிட்டால் மாத்திரம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் இருக்கட்டும். இருநூறு பேர் சேரும்வரை அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டாம். சேராவிட்டால், போட்ட பணத்தை அவரவரிடம் கொடுத்துவிட்டு அதே படங்களைக் கொண்டு 32 பக்கத்திற் சிறு புத்தகமாகச் செய்யலாமா என்று பார்க்கட்டும். ஓடுபனுக்கும் சிறு பதிப்புத்தானே கைகொடுத்தது.

ஏடு என்னிடம் வந்தால் என் பெயரை இரண்டு பிரதிகளுக்கு எழுதிக்கொள்ளச் சம்மதம். மூத்தோர் கட்சியிலிருந்து எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் அறிவிக்கலாம்.