டீக்கடைப் பேச்சும் வகுப்பறைப் பேச்சும்

(நெய்வேலியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களின் பேசுதல் திறனை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களைச் சொல்கிறோம். படித்தலுக்கும் எழுதுதலுக்கும் நிறையப் பயிற்சி கொடுக்கிறோம். பேசுதலுக்கு என்ன செய்கிறோம்? பேச்சுப் போட்டி நடத்துகிறோம். அதில் வகுப்புக்கு இரண்டு பேர் பேசுவார்கள். அதுவும் யாரோ எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து. மற்ற நாற்பது பேர் கைதட்டுவார்கள். அதனால் இன்று நான் பேச்சு மேடையை விட்டுவிட்டு டீக்கடையிலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு உருவானது இந்த நகரியம். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டப்பட்டது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், கேரளம், ஆந்திரம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினார்கள். சொந்த ஊர் வேறு, சாதி வேறு, சில வீடுகளில் பேசும் மொழியும் வேறு. இப்படிப்பட்ட இருவர் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பேச்சைத் தொடங்க எளிய வழி ஒன்றுதான்: "நேத்து மேட்ச் பாத்தீங்களா சார்?"

அதன் பிறகு என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

"கடைசி ஓவரை அவனுக்கு எதுக்குங்க கொடுத்தாரு?"

"வேற யாருக்கு ஓவர் மிச்சம் இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

"போன மேட்ச்ல சுழற்பந்துதானே ஜெயிக்க வெச்சுது?"

"அது பகல் ஆட்டம். நேத்து ராத்திரி பனி விழுந்துச்சு. ஈரப்பந்தை எப்படிங்க சுழட்டுவான்?"

நான்கே வரிகள். முதல் வரியில் ஒரு குற்றச்சாட்டு. இரண்டாவதில், மாற்று வழி இருந்ததா என்ற கேள்வி. மூன்றாவதில் ஒரு முன்னுதாரணம். நான்காவதில், அந்த முன்னுதாரணம் ஏன் இங்கே பொருந்தாது என்ற விளக்கம். இதை அவர்களுக்கு எந்தப் பாடநூலும் கற்றுத்தரவில்லை. பள்ளிக்கு வரும் வழியில் இந்தக் கடைகளைத் தாண்டித்தான் நம் மாணவர்கள் வருகிறார்கள். வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சைக் கேட்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரே நம் காலை வழிபாட்டுக் கூட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு மாணவி நாளிதழிலிருந்து நான்கு செய்திகளை வாசிக்கிறாள். உலகம், இந்தியா, தமிழ்நாடு, விளையாட்டு. வாசித்து முடித்ததும் வரிசையாக வகுப்புக்குப் போகிறோம். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்பதில்லை. அதே நாளிதழ் டீக்கடை மேசையில் கிடந்தால் ஒவ்வொரு செய்திக்கும் ஐந்து கேள்விகள் பிறக்கின்றன. 'வெட்டிப் பேச்சு' என்று நாம் ஒதுக்குகிற இடத்தில் கேள்வி இருக்கிறது. கல்வி நடக்கிற இடத்தில் அது இல்லை. இது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளையாட்டுப் பேச்சு விளையாட்டோடு நிற்பதில்லை. 2018 ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு தடைக்குப் பிறகு சென்னை அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. அதே நேரத்தில் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரித் தமிழ்நாடு முழுவதும் போராட்டம். ஏப்ரல் 10ஆம் தேதி ஆட்டம் பலத்த பாதுகாப்போடு நடந்தது. மைதானத்துக்குள் காலணி வீசப்பட்டது. சென்னையில் நடக்க வேண்டிய மீதி ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. தண்ணீர் கேட்டுப் போராடும்போது ஆட்டம் தேவையா என்றார்கள் சிலர். ஆட்டத்தை நிறுத்தினால் தண்ணீர் வந்துவிடுமா என்றார்கள் சிலர்.

நம் பகுதிக்கு இது தொலைவில் நடந்த கதை அல்ல. காவிரியின் கடைமடை நம் மாவட்டத்தில் இருக்கிறது. வீராணம் ஏரி பக்கத்தில் இருக்கிறது. அதன் நீர் சென்னைக்குக் குடிநீராகப் போகிறது. 2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிடச் சொன்னது 192 டி.எம்.சி. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. இந்தக் கழித்தலை ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் தொடங்கிய பேச்சிலேயே செய்துவிடலாம். கணக்கு, புவியியல், குடிமையியல் மூன்றும் அதில் இருக்கின்றன.

டீக்கடைப் பேச்சு எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. அதில் பெரிய குறைகள் உண்டு.

முதல் குறை, 'எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இருப்பதில்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை'யில் முடிந்தது. இந்தியாவுக்கு இலக்கு 348. ஸ்கோர் 347இல் நின்றபோது, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணீந்தர் சொன்னார். நடுவர் விரலைத் தூக்கிவிட்டார். மூத்த ரசிகர்கள் இன்றும் இதைப் பற்றி வாதாடுகிறார்கள். ஒளிப்பதிவைப் பார்த்து முடிவு சொல்லும் மூன்றாம் நடுவர் 1992 நவம்பரில் டர்பனில்தான் முதன்முதலாக வந்தார். அந்த முறையில் முதலில் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர். ஒரு சான்று எங்கிருந்து வருகிறது, சான்று இல்லாதபோது எந்த அளவுக்கு உறுதியாகப் பேசலாம் என்று எட்டாம் வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது குறை, பேச்சு ஆளைக் காயப்படுத்துவது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. வறுமையிலிருந்து ஓடி வந்த ஒரு பெண்ணின் உடலைப் பற்றி ஊரெல்லாம் கேலி பேசியது. அவர் பிறகு பயிற்சியாளரானார். கேலி பேசியவர்களில் பலர் பள்ளிக்கூடம் போனவர்கள்தாம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூன்றாவது குறை, டீக்கடையில் பெண்கள் இல்லை. 2025 நவம்பரில் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றது. அந்த வெற்றியைப் பற்றியும் கடை வாசலில் ஆண்கள்தான் பேசினார்கள். நம் மாணவிகள் ஒரு பொது விஷயத்தைப் பலர் முன்னால் சத்தமாக, பயமில்லாமல் விவாதிக்க ஊரில் எந்த இடம் இருக்கிறது? வகுப்பறை மட்டும்தான். அங்கேயும் வாயை மூடச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே அந்தப் பேச்சை வகுப்புக்குள் கொண்டுவந்து, அதன் குறைகளைத் திருத்துவது நம் வேலை. எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் இதைச் செய்கிறோம். முந்தின நாள் ஆட்டம் ஒன்றையோ செய்தி ஒன்றையோ மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கரும்பலகையில் மூன்று கட்டங்கள்: கண்டது, கேட்டது, கருதுவது. யார் எதைச் சொன்னாலும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வகுப்பே முடிவு செய்ய வேண்டும்.

ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "அவங்க காசு வாங்கிட்டுத் தோத்துட்டாங்க சார்" என்றான். "எப்படித் தெரியும்?" என்று கேட்டது நான் அல்ல, பின் பெஞ்சு மாணவி. "வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றான். "அப்ப கேட்டதுல எழுதுங்க சார்" என்றாள். அவனும் ஒப்புக்கொண்டான். வதந்தியைப் பற்றி நான் தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டிய தேவை அன்று வரவில்லை.

விதிகள் இரண்டே. ஒன்று, மறுத்துப் பேசுவதற்கு முன் "நீ சொல்வது இதுதானே?" என்று எதிராளியின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு, ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். யாருடைய சாதி, நிறம், உடல், பிறப்பு பற்றியும் பேசக் கூடாது. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு நாளிதழ்கூடத் தேவையில்லை. இடைவேளைக் கபடியில் 'தொட்டான், தொடலை' என்று சண்டை வருகிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். "யார் பார்த்தது? எங்கிருந்து பார்த்தாய்?" இந்த இரண்டு கேள்விகள் போதும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்த செய்தி ஒன்றுக்கு, முதல் பாடவேளையில் ஐந்து நிமிடம் கொடுங்கள். அரசியல் வந்துவிடுமே என்பீர்கள். வரும். அப்போது ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடுவராக இருந்தால் போதும்.

மாற்றாரை மதிக்கும் பக்குவம் பேசிப் பேசித்தான் வருகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் குரோக் பார்க் என்ற மைதானம் உண்டு. 1920 நவம்பர் 21இல் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் அங்கே சுட்டதில் ஓர் ஆட்டக்காரர் உட்பட 14 பேர் உயிரிழந்தனர். அந்த மைதானத்தில் ரக்பி போன்ற வெளிநாட்டு ஆட்டங்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. மாற்றலாமா கூடாதா என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2005இல் வாக்கெடுத்து விதியைத் தளர்த்தினார்கள். 2007 பிப்ரவரியில் இங்கிலாந்து ரக்பி அணி அங்கே ஆட வந்தது. அதன் நாட்டுப் பண் ஒலித்தபோது அரங்கம் மரியாதையோடு நின்றது. அயர்லாந்து 43–13 என்று வென்றது. நம் சேப்பாக்கமும் குறைந்ததல்ல. 1999 ஜனவரி 31இல் சச்சின் 136 ஓட்டம் எடுத்தும் இந்தியா 12 ஓட்டத்தில் பாகிஸ்தானிடம் தோற்றது. அரங்கமே எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டியது.

இதை நெய்வேலியில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வகுப்புகளில் சுரங்கத்தில் வேலை பார்ப்பவரின் பிள்ளையும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது, இருவர் வீட்டிலும் இருவேறு பேச்சு நடந்திருக்கும். மறுநாள் காலை அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து என்ன பேசுவார்கள்? கடைசி ஓவரைப் பற்றி முகம் கோணாமல் வாதாடிப் பழகிய பிள்ளைகளால்தான் நிலத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேச முடியும். பழகாதவர்கள் ஒன்று மௌனமாகிவிடுவார்கள், அல்லது கை ஓங்குவார்கள்.

வரும் திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசித்து முடிந்ததும், "இதில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் யாரும் கை தூக்கமாட்டார்கள். இரண்டாவது வாரமும் கேளுங்கள்.