கர்ணன் கேட்ட வரம்



நம் ஊரைத் தொட்டோடும் மகாவலி பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் தொட்டுச் செல்கிறது. பேராதனையில் பேராசிரியராயிருந்த சு. வித்தியானந்தன், 1962ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தாகிய 'கர்ணன் போர்' என்பதை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடியக் களரியில் ஆடிய கூத்து சுருக்கம் பெற்று மேடைக்கு வந்தது.

கர்ணன் என்றதும் கவச குண்டலத்தையே நினைக்கிறோம். கைதட்டலும் அக்காட்சிக்கே. குந்தி அவன் பிறப்பைச் சொல்லும் காட்சியையன்றோ நாம் ஊன்றிப் பார்க்கவேண்டும்! வில்வித்தை அரங்கிலே குலம் கேட்டு அவனைத் தலைகுனிய வைத்தார்கள். (தகப்பன் பிறந்த இடத்திற்கு அத்தாட்சி காட்டு என்று 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டபோது மலையகத்தில் நம்மவர் பட்ட பாடும் அதுதானே.) இப்போது குலமும் அரசும் தாமே தேடி வருகின்றன. அவன் ஏற்கவில்லை. அன்று கைகொடுத்தவன் துரியோதனன். அவன் பக்கம் நியாயமில்லை என்பதும் கர்ணனுக்குத் தெரியும். தெரிந்தே சாகப் போகிறான்.

வில்லிபாரதத்தில், கொடுத்தே பழகிய அந்தக் கை தாயிடம் ஏந்துகிறது. தன் பிறப்பைப் பாண்டவர் அறியலாகாது. தான் மடிந்தபின் மடியில் எடுத்து, மகனென்று உலகறியச் சொல்லவேண்டும். முதலாவதை ஏன் கேட்டான்? அண்ணன் என்று அறிந்தால் அருச்சுனன் வில்லைத் தாழ்த்திவிடுவானே! அப்படிக் கிடைக்கும் உயிர் அவனுக்கு வேண்டாம்.

இக்காட்சியை நடிக்க வரும் நம் இளைஞர்கள், இவ்விடத்தில் குரலை உயர்த்தாமலே பேசட்டும்.