முல்லைக்கொடியும் என் ஸ்கூட்டர் பிரேக்கும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நம்ம திருமுல்லைவாயில் கதை எல்லாருக்கும் தெரியும். தொண்டைமான் ராஜா வந்த யானையோட காலை முல்லைக்கொடி சுத்திக்கிச்சு, யானை நின்னு போச்சு. அப்புறம்தான் மாசிலாமணீஸ்வரர் வெளிப்பட்டாருன்னு சொல்வாங்க. ஒரு கொடி யானையையே நிறுத்தின ஊர்ல, என் ஸ்கூட்டர் நிக்க மாட்டேன்னுச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மழை. குழுக் கடன்ல வாங்கின செகண்ட் ஹேண்ட் வண்டி. முன்னாடி இட்லி மாவு டப்பா, பின்னாடி என் பொண்ணு. சி.டி.எச். ரோட்டுல எனக்கு முன்னாடி போன ஷேர் ஆட்டோ சட்டுனு நின்னுச்சு. பிரேக்கைப் பிடிச்சேன். லீவர் கைப்பிடியோட ஒட்டிக்கிச்சு, வண்டி போய்க்கிட்டே இருக்கு. காலைத் தேய்ச்சு, ஆட்டோவை விட்டு ஓரமாத் திருப்பி விழுந்தோம். மாவு பூரா ரோட்டுல. என் பொண்ணு முட்டியில இன்னும் அந்தத் தழும்பு இருக்கு. மாவு போனதுக்கு நான் அழலை. அவ எழுந்ததும், "அம்மா, உனக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு கேட்டா பாருங்க, அதுக்குத்தான் அழுதேன்.

இத்தனைக்கும் மூணு வாரம் முன்னாடிதான் ஒரு கடையில பிரேக்கைப் பார்க்கச் சொல்லிக் காசு குடுத்திருந்தேன். "டைட் பண்ணிட்டேன்கா"ன்னு சொன்னார். என் சின்ன மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் வந்து சக்கரத்துகிட்ட குந்தி உட்கார்ந்து பார்த்துட்டு, "நட்டு மரை முடியிற வரைக்கும் முறுக்கியிருக்கான். உள்ள ஷூ தேஞ்சு போச்சு, இனிமே எதை டைட் பண்ணுறது?"ன்னார். அன்னிக்கு அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.

பாடியில 1962-லிருந்து பிரேக்ஸ் இந்தியா கம்பெனி இருக்கு. எத்தனையோ வண்டிக்கு பிரேக் செய்யற ஊரு நம்ம பக்கம். ஆனா நம்ம வண்டி பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரியாது. விஷயம் இவ்வளவுதான். டிரம் பிரேக்குல சக்கரத்து நடுவுல ஒரு வட்டக் கிண்ணம். அதுக்குள்ள பிறை மாதிரி ரெண்டு ஷூ. லீவரைப் பிடிச்சா கேபிள் இழுக்கும், ஷூ ரெண்டும் விரிஞ்சு கிண்ணத்தை உள்பக்கம் உரசும். உரசுறது தேயத்தான் செய்யும்.

தேஞ்சதைத் தெரிஞ்சுக்கிறது எப்படி? கேபிள் இழுக்கிற கையில சின்ன அம்பு இருக்கும், தட்டுல ஒரு கோடு இருக்கும். பிரேக்கை நல்லாப் பிடிச்சு ஒருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க. அம்பு கோட்டைத் தொட்டுட்டா ஷூவை மாத்தணும். அதுக்கு மேல டைட் பண்ணுறது நம்மளை நாமளே ஏமாத்துறது. தொடலைன்னா நட்டை அரைச் சுத்து, அரைச் சுத்தா முறுக்குங்க. லீவர் ஓரத்துல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் சும்மா ஆடணும். நட்டுல உள்ள வளைவுப் பள்ளம் அந்த உருளைப் பின் மேல சரியா உட்காரணும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. உரசாம சுத்தணும்.

முன் சக்கரத்தை நானே கழட்டுறேன். ஷூ ரெண்டையும் புத்தகத்தை மடிக்கிற மாதிரி மடக்கினா ஸ்பிரிங்கோட வந்துரும். லைனிங் 2 மில்லிமீட்டருக்கு வந்துட்டா புதுசு போடணும். உள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க, முந்தானையால தட்டாதீங்க. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால துடைச்சு, துணியை ஒரு கவர்ல கட்டிப் போட்டுருங்க. கேம் மேல கிரீஸ் ஒரு பொட்டு அளவு போதும். லைனிங்கில் பட்டா வழுக்கும்.

திருப்பி மாட்டும்போது முக்கியமான ஒண்ணு. தட்டுல ஒரு பள்ளம் இருக்கும், போர்க்குல ஒரு முட்டு இருக்கும். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டியிருக்கணும். மாட்டலைன்னா பிரேக் பிடிச்சதும் தட்டும் சேர்ந்து சுத்தி, சக்கரம் பூட்டிக்கும். அது பிரேக் இல்லாததை விட மோசம். முதல்ல தெருவுக்குள்ளயே மெதுவா ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் ரோட்டுக்குப் போங்க. பின் சக்கரத்துக்கு சைலன்சரைக் கழட்ட வேண்டியிருக்கு. அதைக் கடையிலதான் விடுறேன். ஆனா பக்கத்துலயே நின்னு, கழட்டின பழைய ஷூவைக் கையில வாங்கிப் பார்க்கிறேன்.

2018-ல மானிய ஸ்கூட்டர் திட்டம் வந்தப்போ, 25,000 ரூபாய் வரை மானியத்தில் வேலைக்குப் போற பெண்கள் நிறைய பேர் வண்டி எடுத்தாங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த 125 சி.சி. வரையிலான வண்டியில் பெரும்பாலும் இடது லீவரைப் பிடிச்சாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அதுல கேபிள் ரெண்டும் சம்பந்தப்பட்டிருக்கு. வண்டியோட குடுத்த புத்தகத்தில் சொன்னபடிதான் டைட் பண்ணணும்.

டிஸ்க் பிரேக் மாத்தலாமான்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. போர்க், ஹப், மேல ஆயில் டப்பா எல்லாம் மாறணும். ஆர்.சி., இன்சூரன்ஸ் தொல்லை வேற. வீட்டில் வேண்டாம்னுதான் சொல்வேன். நல்ல ஷூ, புது கேபிள், தேயாத டயர், நமக்கு இதுதான் அப்கிரேடு. அப்புறம் முன் பிரேக்குக்குப் பயப்படாதீங்க. பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னாடி சாயுது, அதனால முன் சக்கரம்தான் நிறுத்துது. நேரா போகும்போது ரெண்டையும் சேர்த்து, மெதுவா ஆரம்பிச்சுப் பிடிங்க. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்டுக்கு வண்டி 11 மீட்டர் போயிடுது.

என் வண்டி பின் பிரேக் அம்பு கோட்டுக்கு இன்னும் ரெண்டு நூல் தள்ளி நிக்குது. மழைக்கு முன்னாடி மாத்திருவேன். பார்க்கணும்னு நினைக்கிறவங்க ஞாயித்துக்கிழமை காலையில வண்டியோட எங்க வீட்டுக்கு வாங்க. ஸ்பானர் இருக்கு. பழைய துணி மட்டும் கொண்டு வாங்க.