பதிவேட்டில் விழக்கூடாத எழுத்துகள்



2018ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, ட்விட்டர் நிறுவனம் தன் பயனர்கள் 33 கோடிப் பேரிடமும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. யாரும் உள்ளே புகுந்து எதையும் எடுத்துப் போனதாகத் தெரியவில்லை என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். பிறகு எதற்காக இத்தனை கோடிப் பேருக்கு அந்த வேண்டுகோள்?

ஒழுங்காக நடக்கும் எந்த நிறுவனமும் நம்முடைய கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதில்லை. பிகிரிப்ட் போன்ற ஒரு முறையில் அதை அரைத்து, மறுபடி பிரித்தெடுக்க முடியாத ஓர் எழுத்துச் சரமாக்கி, அந்தச் சரத்தைத்தான் வைத்துக்கொள்ளும். ட்விட்டரும் அப்படித்தான் செய்துவந்தது. ஆனால் அரைக்கிற வேலை முடிவதற்கு முன்னாலேயே, இன்னொரு மூலையில், கடவுச்சொல் உள்ளது உள்ளபடியே ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கணினித் துறையினர் லாக் என்று சொல்லும் பதிவேடு அது. வங்கியின் லாக்கர் அறைக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டு, வாசலில் வருகைப் பதிவு எழுதுகிறவர் வருகிறவர்களின் சாவியை வாங்கி நோட்டில் அச்செடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? நடந்தது அதுதான்.

அதே வாரத்தில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனமும் தன் பயனர்களில் சிலருக்கு இதே மாதிரி ஒரு தகவலை அனுப்பியது. மறு ஆண்டு மார்ச்சில் ஃபேஸ்புக்கின் முறை. கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்கள் அதன் உள் அமைப்புகளில் படிக்கக்கூடிய வடிவத்தில் கிடந்தன. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

உலகின் மிகத் திறமையான பொறியாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் இவை. பூட்டு போடத் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் கவனமெல்லாம் பூட்டின் மேல் இருந்தது. பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று நான் பேச வந்தது அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான். குறிப்பாக, மென்பொருளைச் சோதிக்கும்போது அதில் என்னென்ன வந்து விழுகிறது என்பதைப் பற்றி.

கைபேசியில் பஸ் டிக்கெட் எடுக்கிறீர்கள். பொத்தானை அழுத்தியதும் அந்தச் செயலி எங்கோ இருக்கும் சர்வரோடு பேசுகிறது. "இன்னார் கேட்கிறார், இந்தத் தேதிக்கு இடம் இருக்கிறதா?" என்று கேள்வி போகிறது, பதில் வருகிறது. இந்தப் பேச்சுக்கான வழிமுறைக்குத்தான் ஏபிஐ என்று பெயர். அது சரியாகப் பேசுகிறதா என்று பயனர் கைக்கு வருவதற்கு முன்பே ஆயிரம் விதமாகக் கேட்டுப் பார்க்கிறவர்கள்தான் சோதனையாளர்கள். சென்னையிலும் கோவையிலும் நம் பிள்ளைகள் பலர் அன்றாடம் செய்யும் வேலை இது.

சோதனையாளருக்கு லாக் என்பது கண் மாதிரி. ராத்திரி தானாக ஓடிய சோதனை ஒன்று காலையில் தோற்றுக் கிடந்தால், ஏன் தோற்றது என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் எழுது என்று சொல்லிவிடுவது அவருக்கு இயல்பு. அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. அப்படி எழுதும்போது என்ன விழுகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

முதல் வரியில் நேரமும், கேள்வி போன முகவரியும் இருக்கும். அதில் தவறில்லை. அடுத்த வரி, ஹெடர் எனப்படும் தலைப்பு வரி, ஆத்தரைசேஷன் என்று தொடங்கும். பக்கத்தில் பேரர் என்ற சொல், அதற்கு அடுத்து ஒரு நீண்ட எழுத்துச் சரம். அந்தச் சரம்தான் டோக்கன். நாம் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு, ஒவ்வொரு கேள்வியோடும் செயலி காட்டுகிற அனுமதிச் சீட்டு. கையில் யார் வைத்திருக்கிறாரோ அவரை உரியவராக ஏற்றுக்கொள்வதுதான் அதன் இயல்பு. அது ஜேடபிள்யூடி வகை டோக்கனாக இருந்தால் பெரும்பாலும் இ, ஒய், ஜே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்கும். பழகிய கண் எந்த லாகிலும் அதை நொடியில் பிடித்துவிடும்; திருட வந்தவன் கண்ணும் அப்படித்தான். அந்தச் சரத்தின் நடுப்பகுதியை எந்தச் சாவியும் இல்லாமல் பிரித்துப் படிக்கலாம். பல இடங்களில் பயனரின் பெயரும் மின்னஞ்சலும் அதற்குள்ளேயே இருக்கும். இதற்கும் கீழே, அனுப்பிய தகவலின் உடல்: கைபேசி எண், பிறந்த தேதி, ஓடிபி, அட்டை எண்.

இவ்வளவும் ஒரே ஒரு கேள்விக்கு. ஒரு ராத்திரியில் இப்படி ஆயிரக்கணக்கான கேள்விகள் ஓடும்.

லாக் இருந்த இடத்திலேயே இருக்கும் பொருளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். அது ஊர் சுற்றும். சோதனை தோற்றால் அந்தப் பகுதியை வெட்டி, பிழையைப் பதிவு செய்யும் பக் டிக்கெட்டில் ஒட்டுகிறார்கள். அலுவலக அரட்டைக் குழுவில் போட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்கிறார்கள். வெளி நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் போகிறது. மொத்த லாகையும் ஓரிடத்தில் சேர்த்துத் தேட உதவும் சேவைக்குப் போகிறது, அங்கிருந்து காப்பு நகலுக்குப் போகிறது. தரவுத்தளத்துக்குள் நுழைய ஐந்து பேருக்கு அனுமதி என்றால், லாகைப் படிக்க ஐநூறு பேருக்கு அனுமதி இருக்கும். திறந்த மூல மென்பொருள் என்றால் உலகத்துக்கே அனுமதி. டிராவிஸ் சிஐ என்ற தானியங்கிச் சோதனைச் சேவையின் பழைய லாகுகள் 77 கோடிக்கும் மேல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருந்ததையும், அவற்றில் பல்லாயிரம் டோக்கன்கள் சிதறிக் கிடந்ததையும் 2022இல் அக்வா செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு கோப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 2023இல் ஆக்டா நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மற்ற நிறுவனங்களின் ஊழியர்கள் பாதுகாப்பாக உள்நுழைவதற்கு வழி செய்து தருவதுதான் ஆக்டாவின் தொழிலே. வாடிக்கையாளருக்குச் சிக்கல் வந்தால், உங்கள் பிரவுசரில் நடந்ததை ஹார் கோப்பாகப் பதிவு செய்து அனுப்புங்கள் என்று உதவிப் பிரிவினர் கேட்பது வழக்கம். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போன ஒவ்வொரு பேச்சும் அந்தக் கோப்பில் இருக்கும். உள்நுழைந்தவர் இவர்தான் என்று அடையாளம் சொல்லும் குக்கியும் இருக்கக்கூடும். உதவிப் பிரிவின் அமைப்புக்குள் புகுந்தவர்கள் 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளை எடுத்தார்கள். சில கோப்புகளில் உயிரோடு இருந்த டோக்கன்களைக் கொண்டு, ஐந்து நிறுவனங்களின் கணக்குகளுக்குள் நடந்தே போனார்கள். கடவுச்சொல் தேவைப்படவில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அவர்களைத் தடுக்கவில்லை, அதையெல்லாம் உரியவர் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார். தாக்குதலுக்கு ஆளானவர்களில் ஒருவரான கிளவுட்ஃபிளேர், சீக்கிரமே ஹார் கோப்பிலிருந்து இந்த மாதிரி ரகசியங்களை நீக்கித் தரும் கருவி ஒன்றை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது.

சரி, என்ன செய்வது? எழுதிவிட்டுப் பிறகு அழிக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதிய அடுத்த நொடியே நகல் எத்தனை இடத்துக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. எழுதுகிற கையிலேயே தடுக்க வேண்டும்.

கருவிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. ஜாவாவில் ஏபிஐ சோதிக்கிறவர்கள் பயன்படுத்தும் ரெஸ்ட் அஷ்யூர்டில், இந்த ஹெடரை லாகில் காட்டாதே என்று பெயர் சொல்லிவிட்டால், மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பிளாக்லிஸ்டட் என்ற சொல் மட்டும் விழும். கராத்தே என்ற கருவியில், லாகில் எழுதப்படும் முன் முகவரி, ஹெடர், உடல் மூன்றையும் மாற்றியமைக்க வழி இருக்கிறது. ரெயில்ஸ் என்ற கட்டமைப்பில் எழுதிய இணையதளங்கள் கடவுச்சொல் என்ற புலத்தைக் கண்டால் ஃபில்டர்டு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இவையெல்லாம் சில வரி வேலை.

ஆனால் இதோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஹெடரை மறைத்தால், அதே டோக்கன் பதிலின் உடலில் திரும்பி வருவது நின்றுவிடாது. பாஸ்வேர்டு என்ற பெயரை மட்டும் அச்சு அசலாகத் தேடி மறைக்கச் சொன்னால், பாஸ்வேர்டு2 என்று யாரோ பெயர் வைத்த புலம் பளிச்சென்று தெரியும். பிழைச் செய்தி ஒன்று, வந்த கேள்வி முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வரும். முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பின்னால் டோக்கனைச் சேர்த்து அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர்கள் வழக்கமாகவே முகவரியை வால் வரைக்கும் எழுதிவைக்கும். பேரர் டோக்கனை அப்படி முகவரியில் அனுப்பாதீர்கள் என்று 2012இல் வந்த ஆர்எஃப்சி 6750 என்ற தர ஆவணமே எச்சரிக்கிறது. இன்றும் அனுப்புகிறார்கள்.

தேடி மறைக்கும் முறை எங்கே உடையும் என்பதை 2025 மார்ச்சில் நடந்த ஒரு தாக்குதல் காட்டியது. கிட்ஹப்பில் 23,000க்கும் மேற்பட்ட திட்டங்கள் பயன்படுத்திய ஒரு சிறு துணைக்கருவிக்குள் விஷமிகள் புகுந்தார்கள். அந்தத் திட்டங்களின் ரகசியங்களை அவற்றின் லாகிலேயே எழுத வைத்தார்கள். கிட்ஹப், தனக்குத் தெரிந்த ரகசியம் லாகில் வந்தால் மூன்று நட்சத்திரமாக மாற்றிவிடும். அதனால் அவர்கள் ரகசியத்தை, எழுத்துகளை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 முறையில் இரண்டு தடவை உருமாற்றி எழுத வைத்தார்கள். தேடின வடிவத்தில் இல்லாததால் நட்சத்திரம் விழவில்லை. பொதுவில் திறந்திருந்த திட்டங்களின் லாகை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதனால்தான், எதை எழுதக் கூடாது என்று பட்டியல் போடுவதைவிட எதை எழுதலாம் என்று பட்டியல் போடுங்கள் என்கிறேன். நேரம், முகவரியின் தலைப்பகுதி, பதிலின் நிலையைக் காட்டும் எண், எடுத்துக்கொண்ட மில்லிசெகண்ட், கேள்விக்கென்று கொடுத்த அடையாள எண். பெரும்பாலான தோல்விகளைக் கண்டுபிடிக்க இவை போதும். போதாதபோது ஒரு புலத்தை யோசித்துச் சேர்த்துக்கொள்ளலாம். நாளைக்கு யாரோ புதிதாகச் சேர்க்கும் புலம், யாரும் அனுமதி கொடுக்காதவரை, தானாகவே வெளியே நிற்கும்.

இரண்டு வரிகளில் வந்தது ஒரே டோக்கன்தானா என்று தெரிய வேண்டுமே என்று சோதனையாளர் கேட்பார். நியாயமான தேவைதான். டோக்கனை அரைத்து வரும் சரத்தில் முதல் சில எழுத்துகளை எழுதினால் போதும். இந்த உபாயத்தைக் கைபேசி எண்ணுக்கும் ஓடிபிக்கும் அப்படியே கொண்டுவரக் கூடாது. ஆறு இலக்க ஓடிபி மொத்தமே 10 லட்சம்தான். அத்தனையையும் அரைத்துப் பார்த்து எது பொருந்துகிறது என்று சொல்ல ஒரு சாதாரணக் கணினிக்கு நேரமே ஆகாது. பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கும் பெரிதாக ஆகாது. அவற்றை அரைக்க வேண்டுமென்றால் ரகசியச் சாவி ஒன்றைக் கலந்து அரைக்கும் முறை வேண்டும்.

லாகையும் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சோதனைக் கணக்கின் கடவுச்சொல்லாக வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சரத்தை வையுங்கள். 'நெய்தல்வண்டி7731' என்று ஏதாவது. எல்லாச் சோதனைகளும் ஓடி முடிந்ததும், மொத்த லாகிலும் அந்தச் சரத்தைத் தேடுங்கள். அதன் பேஸ்64 வடிவத்தையும், முகவரியில் வரும் வடிவத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ஓரிடத்தில் கிடைத்தாலும் அன்றைய சோதனை தோல்வி என்று அறிவிக்கட்டும். உள்நுழைவை வேண்டுமென்றே தோற்கடித்தும், சர்வரை நடுவில் நிறுத்தியும் இதைச் செய்ய வேண்டும். ஒழுங்காக ஓடும்போது வாய் மூடியிருக்கும் நிரல், பிழை வரும்போதுதான் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது.

உண்மையான மனிதர்களின் விவரங்களைச் சோதனைக்கு எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்க மாட்டேன். பணம் செலுத்தும் சேவைகள் சோதனைக்கென்றே 4111ல் தொடங்கும் அட்டை எண் போன்றவற்றைத் தருகின்றன. அவசரம் என்று நிஜ வாடிக்கையாளர் பட்டியலை இறக்கிச் சோதிக்கிறவர், பஸ் டிக்கெட் எடுத்த ஒரு பெண்ணின் கைபேசி எண்ணை முகம் தெரியாத ஐநூறு பேர் படிக்கும் இடத்தில் போடுகிறார். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு டோக்கன் லாகில் விழுந்துவிட்டால், பெரும்பாலோர் முதலில் அந்த வரியை அழிக்க ஓடுகிறார்கள். முதலில் டோக்கனைச் செல்லாததாக்க வேண்டும். புதியது வாங்கி, பழையதை யாராவது பயன்படுத்தினார்களா என்று பார்த்த பிறகு, வரியை நிதானமாக அழிக்கலாம்.

கணினித் துறையில் இல்லாத நேயர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஏதோ ஒரு இணையதளம் சரியாக வேலை செய்யவில்லை என்று உதவிப் பிரிவுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பும்போது, மேலே இருக்கும் முகவரிப் பட்டையை வெட்டிவிடுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் நீண்ட எழுத்துகள் இருந்தால் கட்டாயம் வெட்டுங்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்; அது ஏற்கப்படும் இடத்தில் அதையே கொடுங்கள். ஹார் கோப்பு கேட்டால், பதிவு செய்து முடித்ததும் அந்தத் தளத்திலிருந்து வெளியேறிவிட்டு, அதன் பிறகு கோப்பை அனுப்புங்கள். வெளியேறியதும் பல தளங்களில் அந்தக் குக்கி செல்லாமல் போய்விடும். கூடவே கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், அதைத் தட்டச்சு செய்ததும் அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கக்கூடும்.