சட்டத்துக்கு முன்னும் பின்னும்



ஆண்டு விழா மேடையில் ஏறி நான்கு வாழ்த்துரைகளைச் சொல்லிவிட்டு இறங்குவது எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுகம். ஆயினும், கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, மனுக் கொடுத்தால் மறுமொழி இல்லை, இத்தனை காலம் உழைத்து என்ன பலனைக் கண்டோம் என்று நம் வாசகர் வட்டத்து நண்பர்கள் சிலர் என்னிடம் தனித்தனியே சொல்லிவந்த மனக்குறை என் நெஞ்சை விட்டு அகலவே இல்லையாகையால், இன்று அதைப் பற்றியே பேசுவதென்று உத்தேசித்து வந்திருக்கிறேன்.

இந்தச் சோர்வை நான் குற்றமாகக் கருதவில்லை. தன் வீட்டு வேலையில் அலுத்துப்போகிறவன் மறுநாளும் அதே வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டும். பொதுக் காரியத்தில் அலுத்தவனை எவரும் அழைத்துக் கேட்பதில்லை. அந்த நிர்ப்பந்தமின்மைதான் பொதுத்தொண்டின் பெருமை. அதன் பலவீனமும் அதுவே. ஆகவே, நிர்ப்பந்தம் ஏதுமின்றிப் பல்லாண்டுகள் ஒரு காரியத்தை விடாது பற்றி நின்றவர்கள் எதைப் பற்றி நின்றார்கள் என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தரும். அதற்கு நாம் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. இப்போது நாம் அமர்ந்திருக்கும் பொது நூலகமே அத்தகையோரின் உழைப்பினால் வந்த சொத்து.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துவந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்று, அங்கே நிலவிய தனிமையைத் தாங்கமாட்டாமல், சில தினங்களுக்குள்ளேயே பழைய வேலைக்குத் திரும்பிவிட அனுமதி கேட்டார் என்பது அவருடைய சரித்திரத்தில் பதிவான செய்தி. இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று நாம் போற்றும் அந்தப் பெரியவரே, தொடக்கத்தில் ஓடிப்போக நினைத்தவர்! அதே ஆண்டில் இங்கிலாந்து சென்று, அந்நாட்டுப் பொது நூலகங்களில் சிறுவரும் தொழிலாளரும் மாதரும் தத்தம் வீட்டுக்குள் நுழைவதுபோல் உரிமையுடன் நுழைந்து புத்தகம் எடுத்துச் செல்வதைக் கண்ட பிறகே அவருடைய மனம் அடியோடு மாறிற்று. பற்றுதல் என்பது சிலருக்குப் பிறவிக் குணமாக அமைவது என்று எண்ணி நம்மை நாமே தாழ்த்திக்கொள்ள வேண்டாம்; காணவேண்டியதைக் கண்டால் அது பின்னர் வந்து சேரும்.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. ஊர்தோறும் பொது நூலகம் அமையச் சட்டம் வேண்டும் என்று கருதிய ரங்கநாதன், அதற்கொரு மாதிரி மசோதாவை வரைந்து, 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் வைத்தார். அந்த மசோதாவின் வழியில் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது எப்போது தெரியுமா? 1948இல். இடையிலே பதினெட்டு வருஷங்கள். அவற்றுள் ஒரு மகாயுத்தம், அரசியலில் எத்தனையோ மாற்றங்கள். சட்டம் நிறைவேறிய அந்த ஆண்டில் ரங்கநாதன் சென்னையிலேயே இல்லை. 1945இல் இங்கிருந்து விலகிக் காசிக்கும், பின்னர் தில்லிக்கும் சென்றுவிட்டார். கல்வி அமைச்சராக இருந்து அச்சட்டத்தை நிறைவேற்றித் தந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார்.

அந்தப் பதினெட்டு வருஷங்களில் ரங்கநாதனும் சங்கத்தாரும் சட்டத்தை எதிர்பார்த்துக் கைகட்டி அமர்ந்திருந்தார்களா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. 1929இலேயே சங்கம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பைத் தொடங்கிவிட்டது. சட்டம் வருமோ வராதோ, வந்தால் நூலகத்தை நடத்த ஆள் வேண்டுமல்லவா! 1931இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய ரங்கநாதனின் நூலை அச்சங்கமே வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்னும் அன்பரின் முயற்சியால், மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் புறப்பட்டது. அந்த வண்டியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது போய் நின்ற ஊரில், அன்றைய தினமே, யாரோ ஒருவர் கையில் ஒரு புத்தகம் சேர்ந்துவிட்டது. சட்டசபையில் எந்த மசோதா வெற்றி பெற்றாலும் தோற்றாலும் அந்தப் புத்தகத்தை அவர் படித்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. பெரிய லட்சியம் கைகூடக் காலதாமதமாகும்போது, தன்னளவிலேயே நன்மையாக முடிகிற சிறிய காரியம் ஒன்று அன்றாடம் கையில் இருந்தால், உள்ளம் வற்றுவதில்லை. ரங்கநாதனும் அவருடைய சகாக்களும் பற்றி நின்றது இதைத்தான் என்பது என் துணிபு.

நம்முடைய வட்டம் தளர்ந்ததற்குக் காரணமும் இங்கேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. மனு, ஊர்வலம், மறுபடியும் மனு என்று நாம் எப்போதும் பிறர் செய்யவேண்டிய காரியத்தையே எதிர்நோக்கி நின்றோம். பிறர் செய்யாதபோது நமக்கும் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. சனிக்கிழமைதோறும் இந்தக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் வாய்விட்டுப் புத்தகம் படித்துக் காட்டிய காலத்தில் எவரும் சோர்வைப் பற்றிப் பேசவில்லை என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அதை நிறுத்தியது பிழை, மீண்டும் தொடங்கவேண்டும்.

இப்படிச் சொல்வதனால், உரிமையைக் கேட்பதை விட்டுவிடலாம் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. அரசு மனமுவந்து தரும் மானியத்தை மட்டும் நம்பி நூலகம் நிற்கலாகாது, அதற்கென்று நிலையான வருவாய் வேண்டும் என்பது ரங்கநாதனின் உறுதியான கொள்கை. அதன்படி இன்றும், நாம் கட்டும் வீட்டுவரியின் ஒவ்வொரு ரூபாயோடும் 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. வசூலித்த உள்ளாட்சி மன்றம் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தவேண்டும். நம் ஊரில் வசூலான தொகை எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு? வரி கட்டுகிற நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்? முன்னோர் பதினெட்டு வருஷம் காத்திருந்து பெற்றுத்தந்த சட்டத்தை, பெற்றவர்களாகிய நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சட்டம் வந்ததும் இயக்கம் முடிந்துவிட்டது என்று எண்ணினோமே, அதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தாளில் இந்த மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்தால், 30 நாட்களுக்குள் விடை தரவேண்டிய கடமை ஊராட்சிக்கு உண்டு. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் படித்துப் பார்த்துத் திருத்தங்கள் சொல்லுங்கள். விடை வந்த பின்னர், அதை எடுத்துக்கொண்டு அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் எழுந்து கேட்க மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவராவது இதுவரை எந்தச் சபையிலும் பேசியிராத இளைஞராகவோ பெண்ணாகவோ இருத்தல் நலம். சனிக்கிழமை வாசிப்புக்கு இருவர் முறைவைத்து வந்தால் போதும். இரண்டுக்கும் பெயர் எழுதிக்கொள்ள நம் செயலாளர் வாசலருகே குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கிறார்.