அடுத்தவன் பாட்டும் அண்ணன் மகனும்

ராக் இசை என்றாலே காப்பிதான், நம்ம பிள்ளைகள் வெள்ளைக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள் என்று எதிரணி நண்பர் வருத்தப்பட்டார். ஆட்டட்டுமே ஐயா, கழுத்து அவங்க கழுத்து! (சிரிப்பு)

1984-ல் பம்பாயில் 'ராக் மெஷின்' என்று ஒரு குழு கிளம்பியது. அவங்களும் முதலில் அடுத்தவன் பாட்டைத்தான் வாசித்தார்கள். அப்போது மேடைகளில் அதுதான் வழக்கம். ஆனால் 1988-ல் சொந்தப் பாட்டுகளோடு ஆல்பம் போட்டார்கள். 1993-ல் பேரையே சிந்து நதியை வைத்து 'இண்டஸ் கிரீட்' என்று மாற்றிக்கொண்டார்கள். இதிலே காப்பி எங்கே வந்தது?

எனக்குத் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு. கோயில் கச்சேரிகளில் சினிமாப் பாட்டுக்குக் கிடார் வாசிப்பான் என் அண்ணன் மகன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அந்தக் குழுவின் கேசட்டோடு திரும்பினான். "அத்தை, பம்பாய்ப் பசங்க சொந்தமாப் பாட்டுக் கட்டியிருக்காங்க. நாம கட்டினா என்ன?" என்றான். "முதல்ல சோத்துக்கு வழியைப் பாருடா!" என்றேன். நான்தான் சொன்னேன், மறைக்கவில்லை.

அடுத்த மாரியம்மன் திருவிழா. சினிமாப் பாட்டுக்கு நடுவிலே, விடியற்காலை பஸ்ஸில் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறவங்களைப் பற்றித் தானே கட்டிய பாட்டை எடுத்துவிட்டான். கிடார் அலறுது! பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மிச்சமிருந்த பாதியிலிருந்து, "இன்னொரு தடவை பாடுடா!" என்று ஒரு குரல். யாருன்னு நினைக்கிறீங்க? இருபது வருஷம் அதே பஸ்ஸில் போய்வந்த என் அண்ணன்!