கடற்கரையில் ஒரு நாள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ, பழைய நண்பர் மூவர் கடற்கரையில் ஓய்வாகக் கழித்த ஒரு நாளைப் பற்றியது. "இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் எண்ணலாம். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

பண்டைத் தமிழ் நூல்கள் வடக்கெல்லையாகக் கூறிய வேங்கடத்தின் அடிவாரத்தில் வாழ்கின்றவர்கள் நாம். நமக்கு மலை பழக்கம், கடல் பழக்கமில்லை. பழைய சித்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரையே கிடையாது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதி மண்டலங்கள் சில அதனுடன் சேர்ந்தன. அவ்வாறு வந்து சேர்ந்ததே வாக்காடு மண்டலத்திலுள்ள தூபிலிபாளையம் கடற்கரை.

எழுபதுகளில் சித்தூரில் நாங்கள் நால்வர் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சியில் அமர்ந்து தமிழ் படித்தோம். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி விண்ணேறிய செய்தியைத் தேநீர்க் கடை வானொலியில் நால்வரும் ஒன்றாகக் கேட்டு மகிழ்ந்தோம். "ஒருநாள் அந்தக் கடற்கரைப் பக்கம் போய்வர வேண்டும்" என்று அன்றே பேசிக்கொண்டோம். பின்னர் ஒருவர் சென்னைக்கும், ஒருவர் பெங்களூருக்கும், ஒருவர் திருத்தணிக்கும் பிழைப்பு நாடிச் சென்றனர். நான் திருப்பதிக்கு வந்தேன். "அடுத்த கோடையில் பார்ப்போம்" என்பதே நாற்பது ஆண்டுகளாக எங்கள் பேச்சாக இருந்தது.

சென்ற தை மாதத்தில் ஒருவாறு நாளைக் குறித்துவிட்டேன். பழைய நாட்குறிப்பிலிருந்த எண்ணைத் தேடியெடுத்துத் திருத்தணி நண்பரை அழைத்தேன். பேசியவர் அவர் மகன். "அப்பா தவறி ஏழு மாதமாகிறது மாமா. உங்கள் பழைய எண்ணில் பலமுறை முயன்றோம், கிடைக்கவில்லை" என்றார். நான் எண்ணை மாற்றிக்கொண்டபோது அவருக்குத் தெரிவிக்கத் தவறியிருந்தேன்!

திருத்தணி எங்கோ இருக்கும் ஊரன்று. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துடன் சேரும்வரை நம் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்த ஊர். திருப்பதியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். மாநில எல்லையை வகுத்தவர்கள் எங்களைப் பிரிக்கவில்லை. எங்கள் சோம்பலே எங்களைப் பிரித்தது.

பயணத்தைக் கைவிட எண்ணினோம். ஆனால் அவருடைய துணைவியார், "போய்வாருங்கள் அண்ணா; போகாமலே இருந்துவிட்டோமே என்று அவர் அடிக்கடி சொல்லுவார்" என்றார்கள். ஆகவே மூவரும் போனோம்.

விடியுமுன் புறப்பட்டு, காளத்தி, நாயுடுபேட்டை வழியாகச் சென்றோம். கடற்கரையை அடைந்தபோது வெயில் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிறுவர்களைப்போல் அலையில் நின்றோம். பிறகு மரநிழலில் அமர்ந்து, கட்டிக்கொண்டுபோன புளியோதரையையும் தயிர்ச்சோற்றையும் உண்டோம். பள்ளிக்கூடக் கதைகளும், பிள்ளைகளின் செய்தியும், முழங்கால் வலியும் மாறி மாறிப் பேச்சில் வந்தன.

அன்று ஒரு பிணக்கும் தீர்ந்தது. சென்னை நண்பரும் பெங்களூர் நண்பரும் பதினோர் ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாதவர்கள். நான் நடுவில் நின்றுதான் இருவரையும் அழைத்து வந்திருந்தேன். மகள் திருமணத்திற்கு அழைத்தும் வரவில்லை என்பது ஒருவர் மனக்குறை. அழைக்கவே இல்லை என்பது மற்றவர் மனக்குறை. விசாரித்துப் பார்த்தால், அவர் காலி செய்துவிட்ட பழைய வீட்டு முகவரிக்கு அழைப்பிதழ் சென்றிருக்கிறது! பதினோர் ஆண்டு மனத்தாங்கல் இரண்டு நிமிடத்தில் கரைந்தது. ஆயினும் கழிந்த பதினோர் ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற பெங்களூர் நண்பர் பிற்பகலில் ஒரு வரலாறு கூறினார். அக்கடற்கரைக்கு அண்மையிலுள்ள துர்க்கராஜப்பட்டினத்தில், 1626-ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு பண்டகசாலை அமைத்தனர். தமக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பவரின் பெயரையே அவ்விடத்திற்கு இட்டு, தம் நாவிற்கேற்ப 'ஆர்மகான்' என்று வழங்கினர் என்பர். 1639-இல் பிரான்சிஸ் டே சென்னையில் இடம் பெற்றதும், அடுத்த ஆண்டே அவர்கள் அங்குக் குடிபெயர்ந்தனர். "துணி வாங்க வந்த அயலார், உதவியவர் பெயரை நிலப்படத்திலேயே எழுதி வைத்தார்கள். நாமோ நம் நண்பனுக்கு ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தரவில்லை" என்றார் அவர். சற்று நேரம் மூவரும் பேசவில்லை.

பெரியோர்களே! கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டனர் என்பதை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். நட்பிற்கு உணர்ச்சியே போதும் என்பதற்கு அதனைச் சான்றாகவும் காட்டுகிறோம். ஆயின் அந்நட்பின் முடிவை நினைத்துப் பாருங்கள். சோழன் வடக்கிருந்தபோது தன் நண்பர்க்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கச் செய்தான். பாண்டி நாட்டிலிருந்து பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தார் அன்றோ? காணாமல் வளர்ந்த நட்பும் இறுதியில் காணவே புறப்பட்டது. அந்த முடிவை மறந்துவிட்டு, நம் சோம்பலுக்குப் பிசிராந்தையாரைத் துணைக்கு அழைப்பது முறையாகாது.

நம் காலனிக் குடும்பங்களில் பெரும்பாலோர் இரயில்வே, தேவஸ்தானம், பல்கலைக்கழகம், வணிகம் எனத் தொழிலின் பொருட்டு இங்கு வந்தவர்கள். ஒவ்வொருவரும் ஓர் ஊரை விட்டு வந்தோம். அவ்வூரோடு நண்பர்களையும் விட்டு வந்தோம். ஆகவே என் விண்ணப்பம் இரண்டு.

ஒன்று: நம் சங்கம் ஒரு முகவரிப் பேரேடு வைத்துப் பொங்கல்தோறும் அதனைத் திருத்தி வரவேண்டும். உறுப்பினரின் முகவரி மட்டும் போதாது. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் யாருக்கெல்லாம் செய்தி சொல்லவேண்டுமோ, அந்தப் பழைய நண்பர் இருவரின் முகவரியும் அதில் இருக்கவேண்டும்.

மற்றொன்று இளைஞர்களுக்கு: உங்கள் பெற்றோரின் நண்பர்கள் யார் யார் என்று இன்றிரவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களே சொல்ல முடியாத நாள் ஒன்று வரும். அன்று அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

மாலையில் மணலைத் தட்டிக்கொண்டு எழுமுன்பே அடுத்த சந்திப்பிற்கு நாளைக் குறித்துக்கொண்டோம். "அடுத்த கோடையில்" என்று எவரும் சொல்லவில்லை. சித்திரை மாதத்து இரண்டாம் ஞாயிறு என்று முடிவாயிற்று. இடம், திருத்தணியில் எங்கள் நண்பர் வீடு.